எட்டு ஜிபியும் இடது பக்கமும்

அப்பா ஸ்ட்ரோக் வந்து வீடு திரும்பிய முதல் இரண்டு வாரமும், அவருடைய தட்டின் இடது பக்கத்தில் இருந்த பொரித்த மீனை நான்தான் சாப்பிட்டேன். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. அம்மாவிடம் ஏற்கெனவே மாட்டிக்கொண்டாயிற்று.

அது முழுத் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. அப்பா தட்டின் வலது பாதியை வழித்துச் சாப்பிடுவார், பிறகு எழுந்து கை கழுவப் போய்விடுவார். இடது பாதியில் சோறும் மீனும் தொடாமல் கிடக்கும். பசியில்லை போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஒருநாள் அவர் கை கழுவிக்கொண்டே, "ரெண்டு வாரமா மீனே வாங்கலையா வினி?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். என் வாய் நிறைந்திருந்தது.

அதற்குப் பிறகு அம்மா, அப்பா பாதி சாப்பிட்டதும் தண்ணீர் வைக்கிற சாக்கில் வந்து தட்டைச் சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட்டுப் போவார். அப்பா மீதியைச் சாப்பிடுவார்.

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். கண் நன்றாக இருக்கிறது. மூளையில் இடது பக்கத்தைப் பார்க்கிற இடம்தான் அடிபட்டிருக்கிறது. எந்தக் கண்ணால் பார்த்தாலும் இடது பாதி தெரியாது. அந்தப் பாதி கறுப்பாகவும் தெரியாது, அதனால் ஒன்று குறைகிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கலாம், அதுவரை எந்த வண்டியும் ஓட்டக் கூடாது.

அப்பா இதை ஏற்கவில்லை. சோதனையில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். "அந்தப் பட்டன் பழசு. பத்து தடவை அமுக்குனா நாலு தடவைதான் வேலை செய்யுது," என்றார். மருத்துவமனை தன்னைச் சோதித்ததைவிடத் தான் மருத்துவமனையைச் சோதித்ததே அதிகம் என்பது அவருடைய எண்ணம்.

இருபத்திரண்டு வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர் அவர். இங்கே ஜொகூரில், மாசாய் அடுக்குமாடிகளிலிருந்து பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு நாற்பத்து நான்கு பேர். ஷிஃப்டு மாறுகிற நேரத்தில் எங்கள் சாலைகளில் மோட்டர் சைக்கிள்கள் தண்ணீர் மாதிரி ஓடும், இடைவெளி எங்கேயோ அங்கே புகும். பஸ் நின்றால் பஸ்ஸுக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும், அதிலும் ஒருவன் வருவான். அதனால் அப்பா கதவைத் திறக்கும் முன் இடது கண்ணாடியைப் பார்ப்பார், மூன்று எண்ணுவார், அதன் பிறகே திறப்பார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மோட்டர் சைக்கிளின் கைப்பிடியில்கூட அவருடைய கதவு பட்டதில்லை. இதை எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வார். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவரிடமும் சொன்னார்.

ஒரு புதன்கிழமை காலை பஸ் உரிமையாளர் கனகராஜ் போன் செய்தார். மாற்று ஆளாக ஓட்டியவர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போகிறாராம். "டாக்டர் என்ன சொன்னாரு கிரி?"

"ஓகே சொல்லிட்டாரு," என்றார் அப்பா. "திங்கட்கிழமை வந்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்கிற அதே நிதானமான குரல். அம்மா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, நாப்பது பேரு," என்றார் அம்மா.

"நாப்பத்தி நாலு," என்று திருத்தினார் அப்பா.

அம்மா என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "திமோத்தி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற. எதையாவது செஞ்சு உங்கப்பாவ நிறுத்து."

நான் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் அதற்குப் பொருள், காற்றாடி சுற்றாவிட்டாலும் என்னைக் கூப்பிடலாம் என்பது. ஆனால் மூளைக்குள் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்ட விவகாரத்தில் என்னைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

என்னிடம் இருந்த ஒரே திட்டம் பஸ் ஓட்டும் விளையாட்டு. நிஜ பஸ்ஸுக்குப் பதிலாக இதைக் கொடுத்தால் ஆசை தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். யாரோ ஒரு மலாய்க்காரப் பையன் அதற்கு ஜொகூர் சாலைகளைச் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தான். வீடுகள் மாசாய் மாதிரி இல்லை. ஆனால் மோட்டர் சைக்கிள்கள் மாசாயேதான், ஒருவனும் ஒழுங்காகப் போகவில்லை. நண்பன் யுகேந்திரனிடம் ஸ்டியரிங்கும் பெடலும் இரவல் வாங்கி மேசையில் பொருத்தினேன்.

எங்கள் கணினிக்குப் பதினொரு வயது. மாதா கோவில் அலுவலகத்தில் புதியது வாங்கியபோது பழையதை அம்மா கேட்டு வாங்கி வந்தது. நாலு ஜிபி மெமரி, கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஆன் செய்துவிட்டுக் குளித்துத் தலைதுவட்டிக்கொண்டு வந்தால் அப்போதுதான் நல்வரவு சொல்லும்.

அப்பா உட்கார்ந்தார், ஓட்டினார். படம் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. நிறுத்தத்தில் பஸ் நின்று, கதவு திறந்து, இடது பக்கத்திலிருந்து வந்த மோட்டர் சைக்கிள் கதவில் மோதி விழுந்தது. மறுபடி ஓட்டினார். மறுபடி ஒன்று விழுந்தது. மூன்றாவது தடவையும்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அலமாக், என்ன மெஷின்டா இது," என்றார் அப்பா. "படம் வரதுக்குள்ள அவன் வந்துடறான். கண்ணு தெரியாதது எனக்கா, இதுக்கா?"

"பா, மூணும் இடது பக்கம்," என்றேன்.

"இடது பக்கந்தான் இதுக்கு லேட்டா வருது." எழுந்தார், பிறகு நின்று யோசித்தார். "சரி. இத நீ ஒழுங்கு பண்ணு. படம் தண்ணி மாதிரி ஓடணும். அப்பவும் நான் ஒரு மோட்டர இடிச்சா, கனகராஜுக்கு நானே போன் பண்ணி வரலன்னு சொல்றேன். இடிக்கலன்னா திங்கட்கிழமை நான் போறேன், நீயும் உங்கம்மாவும் வாயத் திறக்கக் கூடாது. சரியா?"

அம்மா என்னை முந்திக்கொண்டு சரி என்றார்.

வியாழக்கிழமை கல்லூரி முடிந்து பெர்மாஸ் ஜெயாவுக்குப் போனேன். யுகேந்திரன் அங்கே கடைகளுக்கு மேலே உள்ள ஓர் அறையில் பழைய கணினிகளைப் பிரித்து உதிரிகள் விற்பான். எங்காவது சைபர் கஃபே மூடுகிறது என்றால் முதலில் போய் நிற்பவன் அவன்.

"எத்தனை வருஷத்து மெஷின் மச்சான்?"

"பதினொண்ணு."

"அது மெஷினே இல்ல லா, வார்கா எமாஸ். பஸ்ல எந்திரிச்சு எடம் குடுக்கணும்." மூத்த குடிமக்களுக்கு மலாயில் பொன்னான பெயர் அது.

முதலில் ரேம் எடுத்தான். "டிடிஆர் மூணுதான் அதுல ஏறும். வேற எங்கயும் போயி டிடிஆர் நாலு வாங்கிட்டு வந்து ஏறல ஏறலன்னு அமுக்காத. நடுவுல வெட்டு வேற எடத்துல இருக்கும், உடஞ்சிரும். பழச கழட்டிட்டு இந்த ஜோடியப் போடு. நாலும் நாலும் எட்டு."

பிறகு உள்ளங்கையளவு ஒரு கிராபிக்ஸ் கார்டு. "இதுக்குத் தனியா கரண்டு வயர் வேணாம், சொருகுற எடத்துலேருந்தே எடுத்துக்கும். உன் பவர் சப்ளைக்கு இதுக்கு மேல போட்டா மாசாயே இருட்டாயிடும். உன் கேஸிங் ஒல்லியா, குண்டா?"

"ஒல்லி."

"அப்ப குட்டை பிராக்கெட் மாத்தித் தரேன். இல்லன்னா மூடி மூடாது." திருகிக்கொண்டே கேட்டான். "ஏன்டா இவ்ளோ கஷ்டம்? செட்டிங்ல மோட்டர் எண்ணிக்கையக் கூட்டி வச்சிரு. உங்கப்பா எப்படியும் இடிப்பாரு. முடிஞ்சது."

"இடிக்கக் கூடாதுன்னு இருக்குடா எனக்கு."

"அப்ப திங்கட்கிழமை பஸ் எடுப்பாரே."

"எடுக்கவும் கூடாது."

யுகேந்திரன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "மச்சான், உனக்கும் ரேம் பத்தல."

அவன் சொன்னது சரிதான். வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் இடித்தால் நாங்கள் ஜெயித்தோம். ஆனால் அவர் சொன்னபடி அந்தப் பட்டன்தான் பழசு, இந்தக் கணினிதான் குருடு என்று ஆகிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். அப்படி ஆவதற்கு ஒரு வாய்ப்பு இருந்தால் அது என் கைக்கோளாறால் கெட்டுவிடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை மதியம் கேஸிங்கைத் திறந்தேன். உள்ளே பதினொரு வருடத் தூசியும், பல்லி பொரித்துவிட்டுப் போன இரண்டு முட்டை ஓடுகளும். நாலு ஜிபியில் ஒரு குடும்பம் வளர்ந்திருக்கிறது. தூரிகையால் எல்லாவற்றையும் சுத்தம் செய்து, பழைய ரேமைக் கழற்றி, புதிய ஜோடியை இரண்டு பக்கமும் கிளிக் என்று கேட்கும்வரை அமுக்கி, கார்டை எடுத்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு மூடி திருகும் சத்தம் கேட்டது.

அம்மா. கையில் புனித நீர் பாட்டில்.

எங்கள் வீட்டில் பிளக்கோ சக்கரமோ உள்ள எந்தப் புதுப் பொருளும் அது தெளிக்காமல் ஓடியதில்லை. என் மோட்டர் சைக்கிளுக்குத் தெளித்தார்கள், ஃபிரிட்ஜுக்குத் தெளித்தார்கள். சோறு வடிக்கிற குக்கர் பூசைக்கே போய்விட்டு வந்தது.

"மா, திறந்திருக்கு."

"திறந்திருந்தாத்தானே உள்ள போகும்."

"உள்ள போனாத்தான் பிரச்சினை."

"ரெண்டு சொட்டு."

நான் கேஸிங்கின் மேல் குடைபோலக் கவிழ்ந்துகொண்டேன். அம்மா என் முதுகில் தெளித்தார். "உனக்கும் தேவைதான்," என்று சொல்லிவிட்டு, நான் மூடியைப் போட்டதும் மேலேயும் சிலுவை போட்டு நாலு சொட்டு விட்டார்.

ஆன் செய்தேன். விசிறி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

அணைத்து, ரேமைக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் வரவில்லை. கார்டைக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் வரவில்லை. பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்த எல்லாம் தீர்ந்துபோயின.

"மா, தண்ணி உள்ள போயிருச்சு."

அம்மா மேசைக்கு எதிரே உட்கார்ந்து பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "நாலு சொட்டுல போற மெஷின் எப்படியும் போயிரும்டா," என்றார். பிறகு எட்டிப் பார்த்து, "புதுசா ஒண்ணு போட்டியே, அதுல எதுவுமே மாட்டலையே. ஓட்டை சும்மா இருக்கு," என்றார்.

மானிட்டர் கேபிள் பழைய இடத்திலேயே, மதர்போர்டின் துளையிலேயே இருந்தது. அதை எடுத்துப் புதிய கார்டில் சொருகினேன். திரை வந்தது. தகவல் தொழில்நுட்பத் துறையின் சார்பில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பழியைப் போடறதுல அப்பாவும் புள்ளையும் ஒண்ணு," என்றார் அம்மா, காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று மாலை நான்கு மணிக்கு அப்பா வந்தார். சீருடைச் சட்டை, முழுக்கால் சட்டை, ஷூ. அம்மா ஷூவைப் பார்த்தார். "வீட்டுக்குள்ளயா?"

"வெறுங்கால்ல பெடல் மிதிச்சா கால் வழுக்கும்," என்றார் அப்பா. உட்கார்ந்தார், நாற்காலியை முன்னே இழுத்தார். கையை மேலே நீட்டி, அங்கே இல்லாத கண்ணாடியைச் சரிசெய்யப் போய், பாதியில் நிறுத்தி, மூக்கைச் சொறிந்துகொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பஸ் கிளம்பியது.

படம் தண்ணீர் மாதிரி ஓடியது. சாலையில் மழை பெய்துகொண்டிருந்தது. வைப்பர் வழித்த இடத்தில் கண்ணாடி தெளிந்து மறுபடி துளி விழுந்தது. எதிரே வந்த லாரியின் விளக்கு ஈரத் தார்மேல் நீளமாகக் கிடந்தது. அப்பாவின் தோள் இரண்டும் கொஞ்சம் கீழே இறங்கின. இந்த இரண்டு மாதத்தில் அவருடைய தோள் இறங்கி நான் பார்த்ததில்லை.

"நல்லாருக்குடா," என்றார்.

முதல் நிறுத்தம். நிறுத்தினார், மூன்று எண்ணினார், கதவைத் திறந்தார். நாலு பேர் ஏறினார்கள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது நிறுத்தத்திலும் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா," என்றார் திரும்பாமலே. நான் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். கொஞ்சம் தள்ளிக் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கையில் கத்தி அசையாமல் நின்றிருந்தது.

மூன்றாவது நிறுத்தம். மழை விட்டிருந்தது. அப்பா விளக்குப் போட்டு, ஓரம் ஒதுக்கி, மெத்தென்று நிறுத்தினார். திரையின் இடது ஓரத்தில், பக்கக் கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு மோட்டர் சைக்கிள் தெரிந்தது. சின்னதாக இருந்தது பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்தது. அப்பா, "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்றார். கதவைத் திறந்தார்.

சத்தம் கேட்டது.

"எங்கேருந்து வந்தான் இவன்?" அப்பாவின் குரலில் கோபமே இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "ஆளே இல்லையேடா அங்க. கம்ப்யூட்டர் திடீர்னு கொண்டாந்து போட்டுச்சா?"

நடந்ததைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் வசதி அந்த விளையாட்டில் உண்டு. பழைய மெமரியில் அதைத் தொட்டாலே எல்லாம் உறைந்துவிடும். இப்போது அது வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். மவுஸை அதன் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு நிறுத்தினேன்.

"போடு," என்றார் அப்பா. "என்ன வச்சிருக்க, போடு."

போட்டேன். மெதுவாக ஓடவிட்டேன். கண்ணாடியில் சிவப்பு மோட்டர் சைக்கிள் தெரிந்தது. மெதுவாக, முழுதாக ஆறு விநாடி அது கண்ணாடிக்குள் வந்துகொண்டே இருந்தது.

"எங்க?" என்றார் அப்பா.

"இடது கண்ணாடிலப்பா."

"கண்ணாடி எங்க?"

நான் திரையில் விரலை வைத்தேன். என் விரல் எங்கே போனது என்று அப்பா தேடினார். தலையைக் கொஞ்சம் திருப்பினார், இன்னும் கொஞ்சம், தாடை தோளைத் தொடுமளவு திருப்பினார். அங்கே நிறுத்தினார்.

"இருக்கான்," என்றார்.

தலையை நேரே கொண்டுவந்தார். மறுபடி இடது பக்கம் முழுக்கத் திரும்பினார். மறுபடி நேரே. என் விரல் அங்கேயேதான் இருந்தது.

"இப்ப உன் கை இருக்கா?"

"இருக்கு."

"அசைக்கிறியா?"

"ஆமாம்ப்பா."

தலையை ஆட்டினார். மவுஸை என் கையிலிருந்து வாங்கி, தானே இன்னொரு தடவை ஓடவிட்டார். படம் எங்கும் தடுக்கவில்லை. எட்டு ஜிபியும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக நான் சரியாகச் செய்து முடித்த ஒரு வேலையைக் கழற்றி எறிய வேண்டும் போல இருந்தது.

"அந்த ஆஸ்பத்திரிப் பட்டன்," என்று ஆரம்பித்தார் அப்பா. பிறகு, "ஒண்ணுமில்ல," என்றார்.

அம்மா எழுந்து வந்து அவர் பின்னால் நின்றார். வாயைத் திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தம் அப்பா ஜெயித்தால் மட்டும்தான், ஆனாலும் அம்மா வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் சட்டைக் காலரில் மடங்கியிருந்த இடத்தை நிமிர்த்திவிட்டார்.

"போனக் குடு," என்றார் அப்பா.

ஸ்பீக்கரில் போட்டார். இரண்டு முறை மணி அடித்ததும் கனகராஜ் எடுத்தார்.

"சொல்லு கிரி. பஸ்ஸு கழுவி வச்சிருக்கேன். உன் சீட்டு மெத்தையக்கூட மாத்திட்டேன் லா."

"அண்ணே, நான் வரல."

"ஏன், உடம்பு திரும்ப ஏதாச்சும்?"

"டாக்டர் ஓகே சொல்லல. நான் பொய் சொல்லிட்டேன்." போனை மறு கைக்கு மாற்றினார். "இடது பக்கம் தெரியலண்ணே. எனக்கே இப்பத்தான் தெரியும். மோட்டர் வந்தாத் தெரியல."

பின்னணியில் யாரோ பைப்பைத் திறந்து எதையோ கழுவிக்கொண்டிருந்தார்கள். கனகராஜ் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். திட்டினால் அப்பாவுக்கும் வசதியாக இருந்திருக்கும்.

"சாப்பிட்டியா?" என்றார் கனகராஜ்.

"இல்லண்ணே, இனிமேதான்."

"சாப்பிடு. ஆளு நான் பாத்துக்கிறேன். நாளைக்குப் பூச முடிஞ்சதும் வீட்டுக்கு வரேன், தங்கச்சிகிட்ட சொல்லு."

போனை வைத்துவிட்டு அப்பா ஷூ நாடாவை அவிழ்க்கக் குனிந்தார். வலது காலில் அவிழ்த்தார். இடது காலை விட்டுவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். அம்மா அவர் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார்.

"எங்க எந்திரிக்கிறீங்க? பஸ்ஸு நடு ரோட்ல நிக்குது. ஆளுங்க உள்ள இருக்காங்க."

"விளையாட்டு வினி. இருந்தா இருக்கட்டும்."

"ஏத்தினது நீங்கதானே."

அம்மா ஒரு நாற்காலியை இழுத்து வந்து அப்பாவின் இடது பக்கத்தில், கைக்குக் கை இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தார். பயிற்றங்காய்ச் சட்டி மடியில். அப்பா அவரைப் பார்க்க முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினார்.

"நீ என்ன பண்ணப் போற?"

"இந்தப் பக்கத்த நான் பாக்கறேன். நீங்க ஓட்டுங்க."

"உனக்கு பஸ்ஸு பத்தி என்ன தெரியும்?"

"மோட்டர் தெரியும்ல."

அப்பா என்னைப் பார்த்தார். நான் திரும்பப் போட்ட படத்தை மூடி, பஸ்ஸை நான்காவது நிறுத்தத்துக்குப் போகும் சாலையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் வலது கால் ஷூவை நாடா கட்டாமலே பெடலில் வைத்தார். பஸ் நகர்ந்தது. அம்மா ஒரு காயை நறுக்கி, திரையைப் பார்த்து, இன்னொரு காயை நறுக்கினார்.

நிறுத்தம் வந்தது. அப்பா ஓரம் ஒதுக்கி நிறுத்தினார். கை கதவுப் பொத்தானுக்குப் போனது, அங்கேயே நின்றது.

"திறக்கவா?"

"இருங்க," என்றார் அம்மா. "ஒருத்தன் வரான்."

"எந்தக் கலரு?"

"நீலம். பின்னாடி பொம்பளப் புள்ள உக்காந்திருக்கு. ஹெல்மெட் போடல."

"அறிவு இருக்கா பாரு."

"போயிட்டாங்க. இன்னொருத்தன் வரான், இருங்க." அம்மா கத்தியைச் சட்டியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தார். "ம். இப்பத் திறங்க."